பொதுப் பயன்பாட்டுக்கு உகந்த வெளிச்சம்

வெளிச்சத்துக்காக மனிதகுலம் செய்த தியாகங்களை யாராவது எழுதப் புகுந்தால், எங்கள் வில்யா ரெமேதியோஸ் நகராட்சியின் 'விளக்கு மாற்றுத் தகுதி ஆய்வுக் குழு'வுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். நெருப்பைக் கண்டுபிடித்தவன் யோசிக்காமல் கண்டுபிடித்துவிட்டான். மின்விளக்கைச் செய்தவர்களும் ஏதோ அவசரத்தில் செய்தவர்கள்தான். எரிகிற விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, 'இது எரியுமா?' என்று பதினான்கு மாதம் பதறாமல் ஆராய்ந்தவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் நான்கு பேர்தான். நான்காவது ஆள் நான். பெயர் பெர்சியோ. பிறப்பு இறப்புப் பதிவேட்டு எழுத்தனாக இருந்து, குழுவின் செயலாளராக உயர்ந்தவன்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் ஊருக்கு நியூயார்க்கிலிருந்து நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள் வரும். அங்கே பிழைக்கப் போனவர்கள் அரிசி, எண்ணெய், செருப்பு, சோப்பு எல்லாம் அடைத்து அனுப்புவார்கள். அந்த வருஷம் பீப்பாய்களுக்கு நடுவே ஓர் ஆள் நீளத்துக்கு மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பார்த்ததும் இரண்டு பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்காக அழுகிறோம் என்பதைப் பெயர் படித்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். திறந்தால் உள்ளே அறுபது எல்.இ.டி. குழல் விளக்குகள். அனுப்பியவன் ரதாமேஸ், அங்கே மின்பணியாளனாக இருப்பவன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'முதலில் சுகாதார நிலையத்துக்கு. மிச்சத்தை எங்கே இருட்டோ அங்கே.'

இப்படி யோசிக்காமல் எழுதுவதற்கு ஒருவன் வெளிநாட்டில்தான் இருக்க வேண்டும்.

நல்லவேளையாக எங்கள் மேயர் உள்நாட்டில் இருந்தார். அன்பளிப்பை வாங்குவதற்குக் கை போதும், பயன்படுத்துவதற்குத் தீர்மானம் வேண்டும் என்று அவர் விளக்கினார். அன்று வரை நகராட்சிக் கட்டடங்களில் எரிந்துகொண்டிருந்தவை டியூப்லைட்டுகள். சட்டென்று அவற்றை மாற்றினால், இத்தனை வருஷம் தவறான விளக்கு எரித்தோம் என்று ஆகிவிடாதா? எனவே கேள்வி முறைப்படி எழுப்பப்பட்டது: 'பொதுப் பயன்பாட்டில் டியூப்லைட்டுக்கு எல்.இ.டி. விளக்கு மாற்று ஆகுமா?' விடை காண ஒரு குழு.

குழுத் தலைவர் தோன் மில்சியாதெஸ். எங்கள் ஊரில் வயதும் தொப்பையும் ஓர் அளவைத் தாண்டினால் 'தோன்' பட்டம் தானாகப் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். பெண்களுக்கு 'தோன்யா', தொப்பை கட்டாயம் இல்லை. தோன் மில்சியாதெஸ் முப்பது வருஷம் சேவல் சண்டைக் களத்தில் நடுவராக இருந்தவர். இரண்டு போட்டியாளர்களை எதிரெதிரே விட்டு, ஒன்று விழும்வரை கண் இமைக்காமல் பார்க்கும் அறிவியல் பயிற்சி அவரைவிட வேறு யாருக்கு உண்டு?

'துறை நிபுணர்' என்ற இடத்தில் தோன் ஃபிதென்சியோ. மின்சாமான் கடைக்காரர். அவருடைய கிடங்கில் விற்காத டியூப்லைட்டுகள் மட்டுமே ஒரு சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அந்தத் துறையில் அவ்வளவு ஆழமாக மாட்டிக்கொண்டவர் வேறு ஒருவரும் இல்லை. மூன்றாமவர் தோன்யா தீக்னா, ஓய்வு பெற்ற இலக்கண ஆசிரியை. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் அதைச் செய்துவிடக் கூடாது என்பது அவர் கொள்கை.

முதல் வேலையாக ஆறு எல்.இ.டி. விளக்குகளைக் குழு கூடும் அறையில் மாட்டினோம். ஆய்வுப் பொருளோடு ஆய்வாளர்கள் நெருங்கிப் பழக வேண்டும் அல்லவா? மிச்சம் ஐம்பத்து நான்கையும் பாதுகாப்பு கருதி தோன் ஃபிதென்சியோவின் கிடங்கில் தனி அறையில் பூட்டி வைத்தோம். ஒரு சாவி அவரிடம், இன்னொரு சாவி விதிப்படி செயலாளரிடம்.

பிறகு 'பொதுப் பயன்பாடு' என்றால் என்ன என்ற விவாதம் தொடங்கியது. தோன்யா தீக்னா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே தொடங்கி வைத்தார்.

"பொதுன்னா எல்லாரும். எல்லாரும் வந்து போற இடம்னு இந்த ஊர்ல எது இருக்கு?"

"சர்ச்" என்றார் தலைவர்.

"இவரே பத்து வருஷமா வரல" என்று தோன் ஃபிதென்சியோவைக் காட்டினார் தோன்யா.

"முடிவெட்டுற கடை?"

"உங்களுக்கு அங்க என்ன வேலை, தோன்?"

தலைவர் தலையைத் தடவிக்கொண்டார். கடைசியில் தோன் ஃபிதென்சியோதான் சொன்னார், "கல்லறைத் தோட்டம். அங்க ஒருத்தர் பாக்கியில்லாம போவாங்க."

"அங்க விளக்கு வேண்டாமே" என்றார் தலைவர்.

விவாதம் மூன்று மாதம் நடந்தது. ஒவ்வோர் அமர்விலும் சோறு, சிவப்பு அவரை, மாட்டிறைச்சிக் குழம்பு, வறுத்த வாழைக்காய் என நகராட்சி சாப்பாடு. முடிவில் ஒருமனதாக ஒரு வரையறை எட்டினோம்: 'பொதுப் பயன்பாடு என்பது தனிப் பயன்பாடு அல்லாதது.' தோன்யா தீக்னா அதில் ஒரு காற்புள்ளி சேர்க்க விரும்பினார். அதை அடுத்த கட்டத்துக்கு ஒத்தி வைத்தோம்.

நான்காவது மாதம் நெரெய்தா வந்தாள். சுகாதார நிலையத்தின் செவிலி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கூட கொத்தனார் செவெரினோவை அழைத்து வந்திருந்தாள். எங்கள் அறைக்குள் நுழைந்ததும் இருவரும் ஒரு நிமிஷம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு விளக்குகளும் பால் ஊற்றியதுபோல எரிந்துகொண்டிருந்தன.

"இவரக் கொஞ்சம் பாருங்க" என்றாள் நெரெய்தா.

பார்த்தோம். செவெரினோவின் இடது புருவம் வலது புருவத்தைவிட ஒரு விரற்கடை மேலே இருந்தது.

"என்ன இவரு, எதையும் நம்பாத மாதிரி பாக்குறாரு?" என்றார் தலைவர்.

"நம்புறாருங்க. செங்கல் விழுந்து புருவம் கிழிஞ்சுபோச்சு. தைக்கும்போது என் டியூப்லைட்டு மூணு தடவ அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. ஒரு தையல் மேல ஏறிடுச்சு."

செவெரினோ நல்ல மனுஷன். எனக்கு ஒன்றும் வலியில்லை, வீட்டில்தான் தொந்தரவு என்றார். "என் பொண்டாட்டி எதச் சொன்னாலும், 'ஏன், நா சொல்றது பொய்யா?'ன்னு சண்டைக்கு வர்றா. நா சும்மாதான் பாக்குறேன்."

நெரெய்தா விஷயத்துக்கு வந்தாள். அவள் வேலை செய்யும் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டே இரண்டு டியூப்லைட். ஒன்று எரியும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். ரதாமேஸ் சுகாதார நிலையத்துக்கென்று அனுப்பியதில் நான்கு விளக்கு கொடுத்தால் போதும் என்றாள்.

குழு அவள் கோரிக்கையை மிகுந்த அனுதாபத்தோடு பரிசீலித்தது. தையல் மேலே போனதற்கு விளக்கு காரணமா கை காரணமா என்பதைத் தனியாக ஆராய வேண்டும் என்றார் துறை நிபுணர். அந்த விளக்குகள் இப்போது விளக்குகள் அல்ல, 'ஆய்வுச் சான்றுப் பொருள்கள்' என்றார் தலைவர். முடிவு வருவதற்கு முன் ஒன்றைப் பயன்படுத்திவிட்டால் முடிவே ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். அது நன்றாக எரிந்து தொலைத்தால் என்ன செய்வது?

"அப்ப இங்க எரியறது?" என்று மேலே காட்டினாள் நெரெய்தா.

"இது எரியல. சோதனையில இருக்கு" என்றார் தலைவர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்ததுதான் எங்கள் ஆய்வின் சிகரம்: ஆயுள் சோதனை. பெட்டியின் மேல் 'ஐம்பதாயிரம் மணி நேரம் எரியும்' என்று அச்சிட்டிருந்தார்கள். அட்டைப்பெட்டி சொல்வதையெல்லாம் நம்புவதற்கு நாங்கள் என்ன சின்னக் குழந்தைகளா? எரிய வைத்துத்தான் பார்ப்பது என்று தீர்மானித்தோம். எங்கள் ஊரில் கரண்ட் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருந்தால் அது நல்ல நாள். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். பதினேழு வருஷம் ஒன்றரை மாதம்.

"அதுவரைக்கும் குழு இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"அறிவியல்ல அவசரம் கூடாது, பெர்சியோ" என்றார் தலைவர். சாப்பாட்டில் இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆட்டுக்கறி சேர்க்கலாமா என்றும் அன்றே விசாரித்தார்.

சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டிகள் அடித்து, ஒன்றில் எல்.இ.டி., ஒன்றில் டியூப்லைட் மாட்டினோம். தலைவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். டியூப்லைட் நாற்பத்தோராம் நாள் விழுந்தது. இரு முனையும் கறுத்து, ஒரு முனகல் முனகி அணைந்தது. நான் பேனாவை எடுத்தேன். தலைவர் கையமர்த்தினார். களத்தில் விழுந்த சேவலுக்கு எழுந்திருக்க ஒரு நிமிஷம் கொடுப்பதுதான் மரபு என்றார். தோன் ஃபிதென்சியோ ஓடிப்போய் ஸ்டார்ட்டரைத் திருகினார். இரண்டு தடவை சிமிட்டியது.

"உயிர் இருக்கு" என்றார் தலைவர்.

பிறகு அதுவும் போயிற்று. தோன் ஃபிதென்சியோ கிடங்கிலிருந்து புது டியூப்லைட் கொண்டுவந்தார். புதிதாக வந்தவன் நாற்பத்தொரு நாள் களைத்தவனோடு மோதுவது நியாயமா? நியாயம்தான் முக்கியம். எனவே எல்.இ.டி.யின் மணிக்கணக்கையும் அழித்துவிட்டு இருவருக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம். இப்படி மூன்று டியூப்லைட்டுகள் வீரமரணம் அடைந்தன. எல்.இ.டி. மூன்று தடவையும் பிறந்தது.

ஊரில் சிலர் எங்கள் குழுவை 'டியூப்லைட்' என்று கேலி பேசினார்கள். இது பெரிய அவதூறு. டியூப்லைட் எவ்வளவு தாமதமானாலும் கடைசியில் எரிந்துவிடும்.

நான்காவது டியூப்லைட் அணைந்தபோது தோன் ஃபிதென்சியோ ஊரில் இல்லை. தலைவர் தானே நாற்காலியில் ஏறி அதைக் கழற்றினார். வேண்டாம் என்றேன். நடுவரின் கை படாத போட்டி போட்டியே அல்ல என்றார். கழன்ற விளக்கு பட்டியில் மோதிப் படாரென்று உடைந்தது. உள்ளங்கை குறுக்கே பிளந்துவிட்டது. தோன்யா தீக்னா, உள்ளே பாதரசம் இருக்கிறது, யாரும் மூச்சு விடாதீர்கள் என்று கத்திவிட்டு, தான் மட்டும் நீளமாக மூச்சு விட்டபடி வெளியே ஓடினார். நான் தலைவரைப் பிடித்துக்கொண்டு பூங்காவைத் தாண்டி சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

நெரெய்தா காயத்தைக் கழுவினாள். ஊசியில் நூல் கோத்தாள். கோப்பதற்கே நான்கு முயற்சி ஆயிற்று. மேலே விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

"சீக்கிரம் தையேன்" என்றார் தலைவர்.

"எரியும்போது குத்துவேன். அணையும்போது நிறுத்துவேன். நீங்க கைய மட்டும் ஆட்டாதீங்க, தோன்."

விளக்கு எரிந்தது. முதல் தையல். அணைந்தது. இருட்டில் தலைவர் பலமாக மூச்சு வாங்குவது கேட்டது.

"டார்ச் இல்லயா உன்கிட்ட?"

"இருக்கு. பல்லுல கடிச்சுக்கிட்டுதான் தைக்கணும். செவெரினோவுக்கு அப்புறம் தினமும் அப்படித்தான் தைக்கிறேன். ஆனா வாயில டார்ச் இருந்தா பேச முடியாது. இன்னிக்கு எனக்கு உங்களோட பேசணும்."

எரிந்தது. இரண்டாவது தையல்.

"ஒண்ணு சொல்லுங்க. இங்க நடக்குறது பொதுப் பயன்பாடா, தனிப் பயன்பாடா?"

"நெரெய்தா, வலிக்குது."

"அப்ப தனிப் பயன்பாடு. எனக்கு வலிக்கலையே." அணைந்தது. "பெர்சியோ, இதையும் எழுதிக்கறியா?"

நான் தலைவரின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எழுத முடியாது என்றேன். ஏழு தையலுக்கு இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. வெளியே வந்தபோது தலைவரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்தேன். அன்றிரவே, நாலு விளக்கை வெளியே எடுக்கும் உத்தரவை வரைவாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் அமர்வில் அவர் எழுந்து நின்று, கட்டுப் போட்ட கையை உயரத் தூக்கினார்.

"ஏழு தையல். ஏழும் வரிசையா, அழகா விழுந்துருக்கு. எந்த வெளிச்சத்துல? டியூப்லைட் வெளிச்சத்துல. அப்ப சுகாதார நிலையத்துக்கு அவசரம்னு ஒண்ணும் இல்லைன்னு என் கையே சாட்சி சொல்லுது."

சொந்த ரத்தத்தையே ஆய்வுக்குக் கொடுத்த தலைவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. தோன் ஃபிதென்சியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சிவசப்பட்டு, சுகாதார நிலையத்துக்குத் தன் சொந்தப் பொறுப்பில் இரண்டு டியூப்லைட் இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தார். கிடங்கின் அடியடுக்கில் இருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டைப்பெட்டியை எலி கடித்திருந்தது. என் வரைவு உத்தரவை நான் வெளியே எடுக்கவில்லை. சலவைக்குப் போனபோது சட்டையோடு சேர்ந்து அதுவும் வெளுத்துவிட்டது.

அந்த இலவச விளக்குகள் ஆறு வாரம் எரிந்தன. அணைந்த நாளில் புயல் மழை. மாலை ஐந்து மணிக்கே வானம் இருட்டிவிட்டது. யோகாஸ்தா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து நெரெய்தாவிடம் கொண்டுவந்தார்கள். முதல் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடப்பதுபோல் இருந்தது. கரண்ட் இருந்தது, அதுதான் வேடிக்கை. ஊரெல்லாம் கரண்ட் இருக்க, அந்த அறையில் மட்டும் வெளிச்சம் இல்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது என்று நெரெய்தா முடிவு செய்து, வாழைக்காய் ஏற்றும் ஒரு சிறு லாரியில் அவளைப் படுக்க வைத்து, மாகாண மருத்துவமனைக்குப் புறப்பட்டாள். அங்கே போக இரண்டு மணி நேரம். பாதி வழியில் ஆற்றுப் பாலம் மூழ்கியிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமே, வாழைத்தார்களுக்கு நடுவே, குழந்தை பிறந்தது. அதே சாலையில் பின்னால் வந்து மாட்டிக்கொண்ட நான்கு மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டிகளை லாரியைப் பார்த்து நிறுத்தி, முகப்பு விளக்கை எரியவிட்டு, தாங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு மழையில் நின்றார்களாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தாய் பிழைத்தது அதிர்ஷ்டம் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள்.

கிடங்கு சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. சாவி என் இழுப்பறையில் இருந்தது. அன்று மாலை மழைக்குப் பயந்து நான் சீக்கிரமாகவே வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை எட்டரை மணிக்கு, குழு அறையின் கதவு திறந்தது. நெரெய்தா. அவளுக்குப் பின்னால் செவெரினோவும் இன்னும் இரண்டு பேரும் பரிசோதனைக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பின்னால் எடை பார்க்கும் தராசு, தடுப்பூசிப் பெட்டி, பன்னிரண்டு தாய்மார்கள், பதின்மூன்று குழந்தைகள். எங்கள் மேசையில் இருந்த கோப்புகளைச் செவெரினோ பவ்யமாக ஜன்னல் விளிம்பில் அடுக்கினார்.

"என்ன இது?" என்றார் தலைவர்.

"பொதுப் பயன்பாடு" என்றாள் நெரெய்தா. "நீங்க தேடிக்கிட்டே இருந்தீங்கள்ல. கூட்டிட்டு வந்துட்டேன். விளக்க நான் தொடவே இல்ல, அது பாட்டுக்குச் சோதனையில இருக்கட்டும். அடியில நாங்க எங்க வேலையப் பாத்துக்கறோம்."

"இது குழு அறை."

"என் அறை காலியாத்தான் கிடக்கு, தோன். நீங்க அங்க போய் உக்காந்துக்கலாம்."

தலைவர் மேயருக்கு ஆள் அனுப்பினார். மேயர் இந்த அராஜகத்தை ஒடுக்கும் முகத்தோடுதான் படியேறி வந்தார். ஆனால் அவருக்கு முன்பே, தடுப்பூசி முகாம் என்று கேள்விப்பட்டு, மாகாணப் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஒருவர் வந்திருந்தார். வெண்மையான வெளிச்சத்தில் வரிசையாகக் குழந்தைகள். மேயர் வாசற்படியிலேயே முகத்தை மாற்றிக்கொண்டார். மிக அருகில் இருந்த குழந்தையைத் தூக்கினார். அது வீறிட்டது. தான் நெடுங்காலமாகத் திட்டமிட்டிருந்த ஏற்பாடு இது என்று அவர் பத்திரிகைக்காரரிடம் சொன்னபோது, செவெரினோ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சும்மாதான் பார்த்தார். ஆனாலும் மேயர் அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்.

இவ்வாறாக நாங்கள் நான்கு பேரும் கோப்புகளைச் சுமந்துகொண்டு பூங்காவைத் தாண்டி, நெரெய்தாவின் ஜன்னல் இல்லாத அறைக்குக் குடிபெயர்ந்தோம். அன்று அங்கே மாட்டியிருந்தவை, எங்கள் ஆயுள் சோதனையில் மடிந்து, ஸ்டார்ட்டர் மாற்றினால் இன்னும் கொஞ்சம் உழைக்கும் என்று தோன் ஃபிதென்சியோ உறுதி சொல்லி அனுப்பிய இரண்டு டியூப்லைட்டுகள்.

அமர்வு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. நிகழ்ச்சி நிரலை வாசித்தேன். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் விளக்கு அணைந்ததால், முதல் வரியையே மறுபடி வாசித்தேன். விளக்குப் பட்டியில் இருந்த சோக் வண்டுபோல ரீங்காரம் போட்டது. கால் மணி நேரத்தில் தலைவர் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். சாப்பாடு வந்தது. தட்டில் இருப்பது இறைச்சியா வாழைக்காயா என்பதை இரண்டு தடவை தவறாக முடிவு செய்தார். தோன்யா தீக்னா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை உயர்த்திப் பிடித்து, விளக்கு எரிவதற்காகக் காத்திருந்து பார்த்தார். ஒரு கை முழங்கையோடு முடிந்திருந்தது.

"மனுஷங்க எப்படிங்க இங்க வேல பாக்குறாங்க?" என்றார் தோன்யா.

அந்தக் கேள்வி பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக எங்கள் அமர்வில் கேட்கப்பட்டது.

"வாக்கெடுப்புக்கு விடுங்க" என்றார் தலைவர், கண்ணை மூடியபடி.

துறை நிபுணர் எதிர்ப்பார் என்று நான் நினைத்தேன். அவரைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். ஆய்வு முடியும்வரை நகராட்சிக் கட்டடங்கள் அனைத்துக்கும் பழைய வகை விளக்கே வாங்க வேண்டும் என்ற இடைக்கால ஏற்பாட்டில், அவர் கிடங்கின் கடைசி டியூப்லைட் முந்தின வாரம்தான் விற்றுத் தீர்ந்திருந்தது. அவர் எழுந்து நின்று, எல்.இ.டி. விளக்கின் பெருமைகளைத் தழுதழுத்த குரலில் பேசினார். மினுக்காது, சூடாகாது, பாதரசம் இல்லை, கரண்ட் பாதிதான் குடிக்கும் என்றார். பழைய பட்டியிலேயே சோக்கைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்பதையும் அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். ஒரு லாரி நிறைய எல்.இ.டி. விளக்குகள் நேற்றே அவர் கடையில் வந்து இறங்கிவிட்டன என்பதை அடக்கம் காரணமாகச் சொல்லவில்லை.

பதினான்கு மாதம் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து காண முடியாத விடையை, கெட்ட வெளிச்சத்தில் நாற்பது நிமிஷத்தில் கண்டுவிட்டோம். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையின் முடிவு ஒரே சொல்: 'ஆகும்.'

மறுநாள் கிடங்கைத் திறந்து, சுகாதார நிலையத்துக்கு நான்கு விளக்குகளை நானே தோளில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன். மாட்டுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நெரெய்தா சுவிட்சைப் போட்டாள். சுவரில் இருந்த கறைகள், கட்டிலின் துரு, அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. நன்றி சொல்வாள் என்று கொஞ்சம் நின்றேன்.

"பதினாலு மாசம் வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க, பெர்சியோ" என்றாள். "அது பட்ட எதையாவது ஒரு தடவ பாத்தீங்களா?"

அறிக்கையை மாகாண அலுவலகத்துக்கு அனுப்பும் வேலை இருந்ததால் நான் உடனே புறப்பட வேண்டியதாயிற்று. குழு அறை எங்களுக்கே திரும்பக் கிடைத்திருந்தது. மேசையில் மருந்து வாசனை இன்னும் போகவில்லை. எங்கள் குழுவை முன்மாதிரிக் குழுவாக அறிவித்து, மற்ற ஊர்களுக்கும் இதைப் பின்பற்றச் சொல்லி மேயர் ஒரு பாராட்டுக் கடிதம் இணைத்திருந்தார். அவர் கையெழுத்து ஒரு பக்கம் பூராவும் இருந்தது.

அனுப்புவதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தின் கடைசியில் அச்சிட்ட கேள்வி ஒன்று இருந்தது: 'ஆய்வுக் காலத்தில், தாமதத்தின் காரணமாகப் பாதிக்கப்பட்டோர் விவரம்.'

தலைவரைக் கேட்டேன். "ஒருத்தரும் இல்லன்னு போடுங்க" என்றார்.

போட்டேன். மேலே ஆறு விளக்குகளும் சீராக, மினுக்கலே இல்லாமல் எரிந்தன. எல்.இ.டி. வெளிச்சம் அற்புதமானது, இந்த ஒரு விஷயத்தில் எங்கள் அறிக்கை முழுக்க உண்மை. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதியவன், தான் எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லவே முடியாது.